குளிர் வந்தால் வாயடைக்கும் வானொலி

யுஸ்டினா ஹீபர்ட்டிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று யார் கூப்பிட்டாலும், வாசலில் பூட்ஸைக் கழற்றிய கையோடு நேராக மெஷினிடம் போய் அதன் மூடியைத் திறந்துவிடுவாள். வீட்டுக்காரர் "காபி குடிக்கிறியாம்மா" என்று கேட்டு முடிப்பதற்குள் ஸ்குரூ எல்லாம் மேஜைமேல் கிடக்கும். மெஷினில் கோளாறு என்றால் மெஷினுக்குள்ளேதான் இருக்கும், வேறெங்கே போகும் என்பது அவள் கட்சி. எபென்ஹோஃப் ஊரில் அவளை விட்டால் கம்ப்யூட்டர் பார்க்க ஆள் கிடையாது. அதனால் யாரும் அவளை எதிர்த்துப் பேசியதும் கிடையாது.

அவள் ஊருக்குத் திரும்பி வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வின்னிபெக் நகரத்தில் ஒரு பெரிய ஆபீஸில் வேலை, அப்புறம் கல்யாணம், அப்புறம் அந்தக் கல்யாணம் புட்டுக்கொண்டது. ஒரு பெட்டியும் ஸ்குரூடிரைவர் டப்பாவுமாக வந்து இறங்கினாள். மென்னோனைட் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்தாரின் ஊர் அது. இந்தத் தெருவில் ஒருத்தி தும்மினால் அடுத்த தெருவில் சூப் வைப்பார்கள், அவ்வளவு பாசம். ஆனால் புருஷனை விட்டு வந்தவள் காபிக் கடைக்குள் நுழைந்தால் மட்டும் எல்லார் வாயும் திடீரென்று சூரியகாந்தி விதை கொறிப்பதில் மும்முரமாகிவிடும். யுஸ்டினாவுக்கு எரிச்சலும் வரும், அழுகையும் வரும். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

அவளைத் தூக்கிவிட்டது நெட்டி என்ஸ். ஊர் வானொலியில் மதியம் ஒரு மணி நேரம் நெட்டி அத்தையின் ராஜ்ஜியம். யாருக்குப் பிறந்தநாள், யார் தவறிப்போனார்கள், யார் வீட்டு நாயைக் காணோம், உருளைக்கிழங்கு சூப்புக்கு எத்தனை வெங்காயம், எல்லாம் அதில் வரும். ஊர்ப் பாஷையிலேயே பேசுவாள். டிராக்டரில் இருப்பவர்கள் அந்த நேரத்துக்கு என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். யுஸ்டினா ஒரே ஒரு நாளைக்கு விளம்பரம் கொடுக்கலாமா என்று கேட்கப் போனாள். நெட்டி அத்தை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மைக்கைத் திறந்து, "நம்ம யுஸ்டினா ஊருக்கு வந்துட்டா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றா. வெளியாள் இல்ல, நம்ம பொண்ணு. வீட்ல எந்தப் பெட்டி மக்கர் பண்ணாலும் அவளைக் கூப்பிடுங்க" என்றாள். மறுநாளும் சொன்னாள். அந்தக் குளிர்காலம் முடிகிறவரைக்கும் சொன்னாள். "நம்ம பொண்ணு" என்று வானொலியிலேயே சொல்லியாகிவிட்டது, அப்புறம் ஊர் என்ன செய்யும்? வாயில் இருந்த விதையைத் துப்பிவிட்டு "வாம்மா, உட்காரு" என்றது.

நெட்டி அத்தைக்கு அறுபதைத் தாண்டியாச்சு, புருஷன் போய் ரொம்ப நாளாச்சு. அவளுக்கு இரண்டு விஷயத்தில் பெருமை தாங்காது. ஒன்று அந்த நிகழ்ச்சி. இன்னொன்று அவளுடைய பழைய நீலக் கார். எங்கள் பக்கத்தில் குளிர் காலத்தில் காரை நிறுத்தினால் சும்மா விட்டுப் போக முடியாது. முன்பக்கம் தொங்குகிற பிளக்கைப் பக்கத்துச் சுவரில் மாட்டி என்ஜினைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் உறைந்துபோய், திரும்பி வந்து சாவியைத் திருகினால் ஒரு முனகலோடு சரி. ஆனால் நெட்டி அத்தை மாட்டவே மாட்டாள். வீட்டில் கார் ஷெட்டுக்குள் நிற்கும், வெளியே நிறுத்தினால் அப்படியே விட்டுப் போவாள்.

"வயரு மாட்டுறதெல்லாம் சோம்பேறி காருக்கு. என் கார் மைனஸ் நாப்பதுல கூட ஒரே திருகுல கிளம்பும். வளர்ப்பு அப்படி" என்பாள். அது நிஜமாகவே கிளம்பும். வானொலி நிலையத்தின் பின்பக்கம், நிழலில், வாடைக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் மதியம் முழுக்க நின்றுவிட்டு ஒரே திருகில் கிளம்பும். உட்காரும்போது சீட்கூட அவ்வளவாகச் சில்லிடாது. வெயில் எங்கிருந்தோ எட்டிப் பார்த்திருக்கும் என்று சொல்லிக்கொள்வாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அடுத்த குளிர்காலத்தில், நிலையத்துக் கம்ப்யூட்டருக்குச் சனி பிடித்தது.

அங்கே சத்தம் எல்லாமே அந்த ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே போகும். அது படுத்தால் ஊரே ஊமை. திரும்ப எழுந்து நிற்கப் பத்து நிமிஷம் பிடிக்கும். முதல் தடவை படுத்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யுஸ்டினா வந்து மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தூசியை ஊதித் தள்ளிவிட்டு, "தூசி, சரியாயிடுச்சு" என்றாள். அடுத்த வாரம் மறுபடி படுத்தது. உள்ளே கரண்ட் வாங்கிக் கொடுக்கிற டப்பாவையே மாற்றி, "இதுதான். இப்ப சரி" என்றாள். மறுபடி படுத்தது. இந்தத் தடவை உள்ளே இருந்த புரோகிராமையெல்லாம் அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். அதற்கப்புறம் குளிர் கொஞ்சம் விட்டது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது, கம்ப்யூட்டரும் சமர்த்தாக ஓடியது. காபிக் கடையில் யுஸ்டினாவுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை சும்மா கிடைத்தது. அவளும் அதைக் கொஞ்சம் மிதப்பாகவே சாப்பிட்டாள்.

பிறகு குளிர் திரும்பி வந்தது. அன்றைக்கு நெட்டி அத்தை எண்ணெயில் பொரிக்கிற ரோல்குக்கன் ரொட்டிக்குச் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதி வீட்டில் மாவு பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்ப மாவு தயார். இங்கதான் எல்லாரும் ஒரு தப்புப் பண்ணுவாங்க. என்ன ஆனாலும் சரி, இதுல போய் யாரும்..." என்றாள். அவ்வளவுதான், சத்தம் போய்விட்டது. எதைப் போடக்கூடாது, எதைச் செய்யக்கூடாது என்று தெரியாமல் ஊர் முழுக்க மாவும் கையுமாக நின்றார்கள். நிலையத்துப் போன் விடாமல் அடித்தது.

காபிக் கடையில் யுஸ்டினாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "யுஸ்டி, அந்த ஆப்பிள் பை கணக்குல இருக்கு தெரியுமில்ல?" என்றார் ஒருவர். "விடுப்பா, அவ கம்ப்யூட்டரைத் தொறந்து மூடறதுல நம்பர் ஒண்ணு" என்றார் இன்னொருவர். அவள் சிரித்துச் சமாளித்தாள். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

நிலையத்தை நடத்துகிறவர் வால்டர் சவாட்ஸ்கி. நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. காலை நிகழ்ச்சியை அவரே பேசுவார். அடுத்த தெருவில் வீடு, நடந்தே வந்துவிடுவார். அவர் யுஸ்டினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இங்க பாரு யுஸ்டினா. காலையில இதைவிடக் குளிரு. நான் அதே மெஷின்ல ரெண்டு மணி நேரம் பேசறேன். ஒரு தடவைகூடப் படுக்கலை. நெட்டி உட்கார்ந்தா படுக்குது. அதுவும் குளிர் நாள்ல மட்டும். அந்தம்மாவுக்குக் குளிர்ல கை நடுங்குது, எதையோ போய் அமுக்கிடுது. அதுதான் விஷயம்."

"எதிர்ல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு மெஷினுக்குத் தெரியுமா வால்டர்? அத்தை எதையும் அமுக்கலை."

"அப்ப மெஷினுக்கு அவங்களைப் பிடிக்கலையா? விளம்பரம் குடுக்கறவங்க என் சட்டையைப் பிடிக்கிறாங்க. சனிக்கிழமை நிலையத்துக் கமிட்டி கூடுது. இன்னொரு தடவை வாயடைச்சா மதிய நேரத்தை நிறுத்திட்டு, நகரத்துல இருந்து ரெகார்டு பண்ணி வர்ற நிகழ்ச்சியைப் போட்டுடலாம்னு முடிவு பண்ணப் போறோம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. கமிட்டில இஸ்பிராண்ட் லோவன் ஒருத்தர்தான் வேண்டாம் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. அவரு ஒருத்தர் சொல்லி என்ன ஆகும்?"

யுஸ்டினா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நெட்டி அத்தையிடமிருந்து அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினால் அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது? காலி வீடும் ஒரு காரும். தனக்கு நாதியில்லாத நாளில் "நம்ம பொண்ணு" என்று சொன்ன வாயை, தன் கையாலாகாத்தனத்தால் அடைக்கப் போகிறார்கள் என்று நினைக்க நினைக்க யுஸ்டினாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமைக்கு முன்னால் இன்னும் ஒரு நல்ல குளிர் நாள் வந்தது. அன்றைக்கு மெஷினைத் திறப்பதில்லை என்று யுஸ்டினா முடிவு செய்துகொண்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நெட்டி அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அத்தை, கையை ரெண்டையும் மடியில வையுங்க. எதையும் தொடக்கூடாது. பட்டன் எல்லாம் நான் அமுக்கறேன்."

"அப்ப நான் என்னடி, கடையில வெச்ச பொம்மையா?"

"பேசற பொம்மை. பேசுங்க."

"கையை ஆட்டாம எனக்குப் பேச வராதே" என்று முனகிக்கொண்டே அத்தை ஆரம்பித்தாள். இரண்டு பிறந்தநாள், ஒரு கல்யாண நாள், காணாமல் போன ஒரு பழுப்பு நாய். அத்தை காகிதத்தைப் படிக்க மேஜைமேல் ஒரு சின்ன விளக்கு உண்டு. நாய்க்குக் காது எப்படி இருக்கும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த விளக்கு லேசாக மங்கி மறுபடி பிரகாசமானது. யுஸ்டினா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மெஷினையே முறைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மங்கியது. மூன்றாவது தடவை மங்கினபோது கம்ப்யூட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

நெட்டி அத்தையின் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள், யுஸ்டினாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நானில்லடி" என்றாள்.

"நீங்க இல்ல அத்தை. சத்தியமா நீங்க இல்ல. எந்திரிக்காதீங்க, இதோ வந்துடறேன்."

யுஸ்டினா முதல் தடவையாக மெஷினை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்தாள். விளக்கு மங்குகிறது என்றால் கரண்ட் குறைகிறது. கரண்ட் குறைகிறது என்றால் அதே வயரில் வேறு ஏதோ ஒன்று அதை உறிஞ்சுகிறது. அறைக்குள் அப்படி எதுவும் இல்லை. கெட்டில்கூட அணைந்துதான் கிடந்தது. விளக்கின் வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோடு போனாள். அது நேராகப் பின்சுவரில் போய் முடிந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பனியும் நெட்டி அத்தையின் காரும் மட்டும்தான்.

அவளுடைய பூட்ஸ் முன்வாசலில் இருந்தது. பின்கதவுக்குப் பக்கத்தில் வால்டரின் பூட்ஸ் கிடந்தது. அதற்குள் காலை விட்டுக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல், தொளதொளவென்று பனியில் இறங்கி ஓடினாள்.

பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பழைய பிளக் பெட்டி. யாரும் அதைத் திரும்பிப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு ஆரஞ்சு வயர் பனிக்கு அடியில் ஓடி, நெட்டி அத்தையின் கார் முன்னால் வெளியே வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒன்று என்ஜின் பிளக்கில் மாட்டியிருந்தது. இன்னொன்று கார் கதவு இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது. உள்ளே டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு குட்டி ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சீட்டின்மேல் ஒரு கம்பளி மடித்துப் போட்டிருந்தது. யுஸ்டினா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஹீட்டர் தானாக நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி கிளம்பியது. அவள் பிளக் பெட்டியின் மூடியில் கையை வைத்தாள். அந்தக் குளிரிலும் அது கையைச் சுட்டது.

அப்போது சந்துக்கு அந்தப் பக்கம் ஹார்ட்வேர் கடையின் பின்கதவு திறந்தது. கடைக்காரரும் கமிட்டி ஆளுமான இஸ்பிராண்ட் லோவன் வந்தார். கையில் பனி அள்ளுகிற மண்வெட்டி. உயரமான மனுஷன், மனைவி தவறிப்போய் இரண்டு வருஷம் இருக்கும். கடையில் ஆணி வாங்கப் போனால்கூட ஆணியைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார். தலையைக் குனிந்தபடி வேகமாக வந்தவர், கார் பக்கத்தில் கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டு நிற்கிற யுஸ்டினாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க என்னம்மா பண்றே?"

"அதை நான் கேக்கணும் மாமா."

"நானா? நான் சும்மா பனி அள்ள வந்தேன்."

"ரேடியோ ஸ்டேஷன் பனியையா?"

அவர் மண்வெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தன் கோட்டைக் கழற்றி யுஸ்டினாவின் தோளில் போட்டார். அதற்கப்புறம்தான் வாய் திறந்தது.

"ரேடியோ திடீர்னு நின்னுபோச்சு. அவங்க சீக்கிரம் வெளிய வந்துடுவாங்களோன்னு கழட்ட வந்தேன். எப்பவும் அப்படித்தான். அவங்க உள்ள போனதும் மாட்டுவேன், முடிக்கற நேரத்துக்கு வந்து எல்லாத்தையும் எடுத்துடுவேன்."

"எப்ப இருந்து?"

"என் பொண்டாட்டி சாவைப் படிச்சாங்களே, அதுல இருந்து. எல்லாச் சாவையும் நல்லாத்தான் படிப்பாங்க. ஆனா அன்னிக்கு அவ பேரைச் சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க பாரு. அவ தோட்டத்துல என்னென்ன பூ வெச்சிருந்தான்னு ஒவ்வொண்ணா சொன்னாங்க. நான் எழுதிக் கொடுத்ததுல அதெல்லாம் இல்ல. அவங்களா சொன்னாங்க. அப்புறம் ஒரு நாள் பாத்தா இந்தக் குளிர்ல வண்டி மொட்டையா நிக்குது. கிளம்பாம போயிடுமேன்னு மாட்டினேன். போன வருஷம் வெறும் என்ஜின்தான். இந்த வருஷம் அந்தக் குட்டி ஹீட்டரும் வெச்சேன், சீட்டு சில்லுனு இருக்குமேன்னு."

யுஸ்டினாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

"மாமா, இந்த வருஷம்தானே ரேடியோ வாயடைக்க ஆரம்பிச்சுது?"

"ஆமா."

"இந்த ஹீட்டர் நின்னு நின்னு எரியுது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கரண்டைப் போட்டு இழுக்குது. இந்தப் பெட்டிக்குள்ள ஜாயின்ட்டு லூஸாயிருக்கு. கம்ப்யூட்டருக்கும் இதே வயர்தான். விளக்கு தாங்கிக்குது, கம்ப்யூட்டர் தாங்க மாட்டேங்குது."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. வயர், சுவிட்ச் எல்லாம் விற்கிறவர் இல்லையா, புரிந்ததும் முழுசாகப் புரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப நான்தான் அவங்க வாயை அடைச்சிட்டிருந்தேனா? அங்க கமிட்டில போய்ச் சண்டை போட்டுட்டு, இங்க நானே..."

குனிந்து வயரைக் கழற்றினார். ஹீட்டரை எடுத்தார். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"யுஸ்டி, கோளாறை மட்டும் சொல்லு. என் பேரைச் சொல்லாதே. அவங்களுக்கு அந்தக் கார்னா உசிரு. தானாக் கிளம்பலைன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும். என் மூஞ்சியில முழிக்கவும் மாட்டாங்க."

"என் வாயால வராது மாமா" என்று யுஸ்டினா வாக்குக் கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் கோட்டில்லாமல் பனியில் நிற்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்வது?

சனிக்கிழமை மதியம் கமிட்டி கூடியது. மேஜைமேல் காபி, பன், சீஸ், பிளம் ஜாம், யாரோ கொண்டுவந்த பிளாட்ஸ் கேக். ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தாலும் எங்கள் ஊரில் பிளாட்ஸ் இல்லாமல் அனுப்பமாட்டார்கள். நெட்டி அத்தையையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் சர்ச்சுக்குப் போடுகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு, கேக்கைத் தொடாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இஸ்பிராண்ட் எதிர் நாற்காலியில் மேஜையைப் பார்த்தபடி இருந்தார்.

யுஸ்டினா எழுந்து நின்றாள். "கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல. நான்தான் அதைப் போட்டுத் திறந்து திறந்து பாத்துட்டிருந்தேன், அது என் முட்டாள்தனம். கரண்டுதான் காரணம். பின்சுவர்ல ஒரு பிளக் இருக்கு. அதுல கனமா ஏதாவது மாட்டினா இங்க கரண்ட் இறங்குது. அந்த வயரை மாத்தினா சரியாயிடும். அத்தை மேல எந்தத் தப்பும் இல்ல."

"இரும்மா" என்றார் வால்டர். "தூசின்னே. டப்பான்னே. எல்லாத்தையும் மாத்தணும்னே. இப்ப சுவர்னு சொல்றே. எப்படி நம்பறது? அந்தப் பிளக்ல எதையாவது மாட்டினாத்தானே? யாரு மாட்டினா?"

யுஸ்டினா இஸ்பிராண்டைப் பார்க்கக்கூடாது என்று கஷ்டப்பட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"பின்பக்கம் ஒரே ஒரு கார்தான் நிக்கும்" என்று வால்டர் தொடர்ந்தார். அவர் குரல் மாறியது. "நெட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ஊருக்கெல்லாம் வயரே மாட்டமாட்டேன்னு சொல்லிட்டு, பின்னாடி ரகசியமா மாட்டிட்டிருந்தீங்களா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நெட்டி அத்தை எழுந்தாள். நிகழ்ச்சி போய்விடும் என்று தெரிந்தே வந்தவள் அவள். ஆனால் பொய்க்காரி என்ற பெயரோடு போவதற்கு அவள் தயாராக வரவில்லை.

"இருபது வருஷமா இந்த ஊருக்கு நான் சாவையும் பொறப்பையும் படிச்சிருக்கேன் வால்டர். ஒரு பேரைத் தப்பாச் சொன்னதில்ல. நான் பொய் சொல்லலை. நான் எதையும் மாட்டலை."

"அவங்க மாட்டலை" என்றார் இஸ்பிராண்ட். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்துவிட்டார். "நான் மாட்டினேன். போன குளிர்காலம் பூரா மாட்டினேன். இந்தக் குளிர்காலம் ஹீட்டரும் வெச்சேன். அவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் படுத்தது எல்லாம் என்னாலதான். நிறுத்தணும்னா என்னைக் கமிட்டியில இருந்து நிறுத்துங்க. அவங்களை விட்டுடுங்க."

அந்த மனுஷன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. நெட்டி அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

"என் காரையா?"

"ஆமாங்க."

"அப்ப அது தானாக் கிளம்பலையா?"

"நல்ல வண்டிதாங்க. மைனஸ் பத்து வரைக்கும் தானாக் கிளம்பும்."

"மைனஸ் பத்துக்கு எவன் வண்டிதான் கிளம்பாது?" அத்தைக்குக் கோபம் தலைக்கேறியது. "ரெண்டு வருஷமா மைக்கைப் பிடிச்சு ஊர் பூரா பீத்திக்கிட்டிருந்திருக்கேன். வளர்ப்பு அப்படின்னு. நீங்களும் அதைக் கேட்டுட்டு, அந்தப் பக்கம் வந்து வயரை மாட்டிட்டு, கமுக்கமா உட்கார்ந்திருக்கீங்க. சிரிச்சிருப்பீங்க."

"ஒரு தடவைகூடச் சிரிக்கலைங்க."

அதை அவர் சொன்ன விதத்தில் அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வால்டர் தொண்டையைக் கனைத்தார். "சரி, நெட்டி மேல தப்பில்ல. நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்குங்க. ஆனா இஸ்பிராண்ட், ஒரு கார் மாட்டினா படுக்கற மாதிரியா ஒரு பிளக் இருக்கும்? கம்ப்யூட்டர் வயர்ல இருந்தே வெளிய இழுத்து விட்டிருக்கான். எந்த மடையன் இழுத்தது அதை?"

யுஸ்டினா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அதை நானும் விசாரிச்சேன் வால்டர். முன்னாடி நீங்க ஊர்க் கோடியில இருந்தப்ப கார்லதான் வந்து பின்பக்கம் நிறுத்துவீங்களாமே."

வால்டர் கேக்கைக் கடித்தபடியே நின்றுவிட்டார். முதலில் கமிட்டிப் பொருளாளர் சிரிப்பில் குலுங்கினார், அப்புறம் பக்கத்திலிருந்தவர், கடைசியில் வால்டரே புரையேறிச் சிரித்தார். "எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா செலவுன்னு நானே ஒரு சனிக்கிழமை இழுத்தேன், சுத்தமா மறந்துட்டேன்" என்று ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஓட்டு எடுக்கவில்லை. மதிய நேரம் நெட்டியுடையது, முதல் வேலையாக அந்தப் பெட்டியைக் கழற்றி எறிய ஒழுங்கான எலக்ட்ரீஷியனை வரச்சொல்வது என்று பேச்சோடு பேச்சாக முடிந்துவிட்டது.

யுஸ்டினா ஒரு நாற்காலியில் சரிந்து, பிளாட்ஸில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வெளியே ஒரு சுற்று வருவாள், வீட்டுக்காரர் கொடுக்கிற காபியைக் குடிப்பாள், அப்புறம்தான் ஸ்குரூடிரைவரை எடுப்பாள்.

எல்லாரும் கிளம்ப ஆரம்பித்தார்கள். இஸ்பிராண்ட் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு கதவுப் பக்கமே நின்றார். நெட்டி அத்தை நிதானமாகக் கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள், கையுறையை மாட்டினாள், கழுத்துத் துணியைச் சுற்றினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. யுஸ்டினா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

கதவுக்குக் கிட்டே போனதும் அத்தை நின்றாள்.

"திங்கக்கிழமை எவ்வளவு குளிர்னு வானிலையில சொல்லியிருக்கான்?"

"மைனஸ் முப்பத்திரண்டுங்க" என்றார் இஸ்பிராண்ட்.

"அப்ப இந்தப் பின்பக்கம் எல்லாம் வேணாம். உங்க கடை வாசல்ல நிறுத்தறேன். அங்கேயே மாட்டிடுங்க."

அவர் கடை வாசல் மெயின் தெருவில் இருக்கிறது. எதிரே காபிக் கடை, இந்தப் பக்கம் தபால் ஆபீஸ், அந்தப் பக்கம் சர்ச்சு. அங்கே ஒரு விதவையின் கார் ஒரு தனி ஆளின் கடைச் சுவரில் மாட்டி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எபென்ஹோஃபில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நெட்டி அத்தைக்கும் தெரியும்.

"எல்லாரும் பாப்பாங்களே" என்றார்.

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை மதியம் நிகழ்ச்சி ஒரு விக்கல்கூட இல்லாமல் முழு நேரமும் ஓடியது. யுஸ்டினா காபிக் கடையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கேட்டாள். எதிரே நீலக் கார் நின்றது. அதிலிருந்து ஆரஞ்சு வயர் நடைபாதையைத் தாண்டி ஹார்ட்வேர் கடைக் கதவுக்குள் போயிருந்தது. காபிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு என்று யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.